டோமா தண்ணீர் குடித்த ஊர்

ஆவரங்குளம் பஸ் நிலையத்துக்குத் தென்புறம், உரக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், மாரிக்கனி நடத்திவந்த கேம் சென்டரில், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் பதினொன்றரை மணிக்கு, அங்கிருந்தவர்கள் கையிலெல்லாம் டீ கிளாஸைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்த டீக்கடைப் பூல்பாண்டி, வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த செல்போன் ரிப்பேர்க் கடை ரியாஸின் முதுகைப் பார்த்து, "பாய், எங்க கெளம்பிட்டீய?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். ரியாஸ் போனைக் காதில் வைத்திருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. டிவிக்குள் போய்க்கொண்டிருந்த டோமாவுக்குக் கேட்டுவிட்டது.

டோமா அந்த விளையாட்டின் நாயகன். போரில் பாழாய்ப் போன ஒரு தேசத்தில், முதுகில் துப்பாக்கியும் இடுப்பில் மருந்துப் பெட்டியுமாக, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன் ஊருக்கு நடந்துகொண்டிருப்பவன். அவனை நடத்துவதும் ஓடவைப்பதும் சுவருக்குப் பின்னால் பதுங்கவைத்துச் சுடவைப்பதும் விளையாடுகிறவர் கையிலுள்ள கன்ட்ரோலர்தான் என்றாலும், அவர் எப்போதும் டோமாவுக்கு மூன்றடி பின்னாலேயே வரவேண்டும், அவனுடைய பிடரியையும் கோட்டையும் தவிர வேறெதையும் பார்க்கக்கூடாது என்பது அந்த விளையாட்டின் அமைப்பு. அன்றைக்கு அவன் இடிந்துபோன ஒரு சர்ச்சின் வாசல்படியிலிருந்து வெளியே கால் வைத்திருந்தான். பூல்பாண்டியின் குரலுக்கு நின்றான். திரும்பினான். அதுவரை யாரும் பார்த்திராத அந்த முகம், கிளம்புகிற நேரத்தில் பின்னாலிருந்து கூப்பிடப்பட்ட எந்த ஆவரங்குளத்துக்காரனின் முகத்தையும் போலக் கடுகடுவென்று இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் நாலடி திரும்பி வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, வறண்ட உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளம்பியவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். தெரியாமல் கூப்பிட்டுவிட்டால், அவன் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடியும் கிளம்ப வேண்டும். மாரிக்கனி யோசிக்கவே இல்லை. குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மோந்து வந்து டிவிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தாள். செம்பில் இரண்டு மிடறு தண்ணீர் இறங்கியது. டோமா புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மறுபடியும் முதுகைக் காட்டி நடந்தான்.

"தப்பு எம்மேலதான்," என்றார் பூல்பாண்டி. "ஏ வடிவு, மனசுல வச்சுக்கிடாத. நல்லா போய்க்கிட்டிருந்தவன கெடுத்துட்டேன்."

"பரவால்ல அண்ணாச்சி," என்றாள் கன்ட்ரோலரைப் பிடித்திருந்த சண்முகவடிவு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தண்ணி குடிச்சிட்டாம்லா."

சண்முகவடிவுக்கு நாற்பத்திரண்டு வயது. பக்கத்துத் தையல் கடை அவளுடையது. ஊர்ப் பெண்களில் பாதிப் பேருடைய முதுகின் அளவு அவளுக்கு மனப்பாடம். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் கடையில் கரண்டு போய்விட, இன்வெர்ட்டர் இருக்கிற கேம் சென்டரில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள், தற்செயலாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதற்கு முன் அங்கே பார்த்த விளையாட்டுகளில் எல்லாம் ஒரு துப்பாக்கிக் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும். இதில் ஒரு மனிதனின் முதுகு இருந்தது. கோட்டில் இடது தோள் தையல் விட்டிருந்தது. வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. சுவர் மறைவில் பதுங்கியபோது அந்த முதுகு மூச்சு வாங்கியது. வடிவு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "பாய், அத இங்க குடுங்க," என்று ரியாஸிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கியவள்தான், அதற்கப்புறம் டோமாவை வேறு யார் கையிலும் அவள் விட்டுவைக்கவில்லை.

முப்பது வருஷம் ஊசியில் நூல் கோத்தவளுக்குக் குறி வைப்பது ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. ஆனால் சுடுவது அவளுக்குப் பஸ்ஸில் டிக்கெட் எடுப்பது மாதிரி. போய்ச் சேரவேண்டிய இடம் வேறே இருந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற இடத்தில் டோமா எங்காவது தீ மூட்டி உட்கார்ந்து தனக்குத்தானே பேசுவான். தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி, அப்பாவோடு போட்ட சண்டையைப் பற்றி, அக்கரையில் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகளைப் பற்றி. இங்கிலீஷில் வருவதை ரியாஸ் தமிழில் சொல்லச் சொல்ல, வடிவு "அப்புறம்?" என்பாள். அந்த அப்புறத்தைக் கேட்க வேண்டுமானால் அடுத்து ஒரு பருத்தி ஆலை முழுக்க நிற்கிற சிப்பாய்களைத் தாண்டியாக வேண்டும். கதை கேட்க மட்டும் வந்தவர்களால் ஆலையைத் தாண்ட முடியாது. சுட மட்டும் வந்தவர்களுக்குத் தீயருகே உட்காரப் பொறுமை கிடையாது. வடிவுக்கு இரண்டும் இருந்தன. அதற்கும் மேலே, தன் கட்டைவிரல் அசைந்தால்தான் அந்த முதுகு அசையும் என்கிற பொறுப்பு இருந்தது, அந்தப் பொறுப்பு அவளுக்கு வேண்டியிருந்தது.

ஏன் வேண்டியிருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவளுக்குத் தளவாய் என்று ஒரு தம்பி இருந்தான். மாரிக்கனி அவனுடைய மனைவி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வைகாசிக் காலையில், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிடைத்த வேலையில் சேர்வதற்காக, அக்கா தைத்துக்கொடுத்த புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினான். ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த வடிவு, தெருவில் போகிற அவன் முதுகைப் பார்த்தாள், வண்டியின் சைடு ஸ்டாண்டு மடக்காமல் தொங்குவதையும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதல் நாள், நல்ல காரியம், பின்னாலிருந்து கூப்பிடுவதா என்று மூடிக்கொண்டாள். எவனாவது எதிரில் வருகிறவன் சொல்லுவான் என்று நினைத்தாள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இடப்பக்கம் வளைந்தபோது ஸ்டாண்டு தரையில் அடித்து வண்டியைத் தூக்கிவிட்டது. தளவாய்க்கு இருபத்தெட்டு வயது.

வடிவு இதை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாகக் கனியிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி ரசம் வைத்தாள், ஒரு சொல் சண்டை கிடையாது. ஊரில் நாத்தனாரும் தம்பி மனைவியும் இப்படி இருந்து யாரும் பார்த்ததில்லை என்று பேசிக்கொள்வார்கள். அப்படிப் பேசுவது காதில் விழும்போதெல்லாம் வடிவுக்குச் சாப்பிட்டது நெஞ்சில் நிற்கும்.

இனி ஊர்க்கதைக்கு வருவோம். டோமா தண்ணீர் குடித்த செய்தி அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. ஊர் ஆச்சரியப்படவில்லை, செய்யவேண்டிய ஏற்பாடுகள் அவ்வளவு இருந்ததால் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. முதல் பிரச்சினை தண்ணீர். போர் வெல் தண்ணீர் உப்பு, வெளியூர்க்காரனுக்குச் சேராது என்று ஒரு கட்சி, இத்தனை நாளாகக் குட்டைத் தண்ணீர் குடித்து நடந்தவனுக்கு இது தேவாமிர்தம் என்று ஒரு கட்சி. கடைசியில், வாரத்துக்கு இரண்டு நாள் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரிலேயே அவனுக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து வைப்பது என்று, வியாபாரிகள் சங்கச் செயலாளரான உரக்கடை அந்தோணிமிக்கேல் தலைமையில் முடிவானது. சந்தேகம் தீரட்டும் என்று வேண்டுமென்றே இரண்டு மூன்று முறை பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பினான், முறைத்தான், உட்கார்ந்தான், குடித்தான். சண்டை நடக்கிற நேரத்தில் மட்டும், "வலப்பக்கம்! மாடியில ஒருத்தன்!" என்று கடையே கிழியக் கத்தினாலும் காதில் வாங்கமாட்டான். அடிதடிக்கு நடுவில் யார் சகுனம் பார்ப்பார்கள் என்று ஊரும் அதை ஏற்றுக்கொண்டது.

ரியாஸ் தன் சின்னம்மா மகனுக்குப் போன் போட்டார். அவனிடம் திருநெல்வேலியில் இதே விளையாட்டு இருந்தது. அவன் ஒரு மணி நேரம் பின்னாலிருந்து கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம், அவனுடைய டோமா திரும்பியே பார்க்கவில்லை. இது தெரிந்ததும் ஆவரங்குளத்துக்கு வந்த தெம்பைச் சொல்லி மாளாது. கேம் சென்டர் சுவரில், கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று சிவப்புப் பெயிண்டில் எழுதினார்கள். பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் இறங்கிப்போகிற பயணியைச் சில்லறைக்காகக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, ஓடிப்போய் முன்னால் நின்று கொடுத்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நான்காம் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் போனவர், மறுநாள் ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தார். பூல்பாண்டி ஒரு நாள் இஞ்சி தட்டிப் போட்ட ஸ்பெஷல் டீயைச் செம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டோமா அதைத் தொடவில்லை. பூல்பாண்டி இரண்டு நாள் யாரோடும் பேசாமல் டீ ஆற்றினார். டோமா எந்த ஊர், என்ன ஆள் என்று ஒரு பேச்சு கிளம்பி முற்றப் பார்த்தபோது மிக்கேல்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். "நம்ம தண்ணிய குடிச்சிட்டாம்லா, நம்ம ஊர்க்காரன். போயி வேலயப் பாருங்கடே," என்றார்.

அப்படிச் சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனி பிறந்தது. டோமாவின் கோட்டில் இன்னும் இரண்டு கிழிசல் விழுந்தன. பனி மலையைத் தாண்டினான், எரிந்த கோதுமை வயலைத் தாண்டினான், வடிவு ஜாக்கெட் வெட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் அவனை ஒரு கீறல் அதிகம் படாமல் பதிமூன்றாவது அத்தியாயம் வரைக்கும் கொண்டுவந்து, ஆற்றங்கரையில் நிறுத்தினாள். எதிரே ஒரு நீண்ட பாலம் இருந்தது. அக்கரையில் புகை தெரிந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள், ரியாஸ் மட்டும் தட்டவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்றார். "மொதல்லயே தெரியும். சொல்ல வாய் வரல. இந்தப் பாலத்துல அவன் செத்துப்போவான். கதையே அப்படித்தான்."

"நான் சுட்டுருவேன் பாய். ஒருத்தன விட மாட்டேன்."

"நீங்க எத்தன பேர சுட்டாலும் சரிக்கா. எல்லாரும் முடிஞ்சப்புறம் கன்ட்ரோலர் வேல செய்யாது. அவனே தானா நடப்பான். மூணாவது தூணுக்கிட்ட அடியில குண்டு வச்சிருக்கானுவ. போன்ல எத்தனையோ பேர் ஆடுனத பாத்துட்டேன், எல்லாருக்கும் ஒரே முடிவுதான்."

பூல்பாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இத்தன மாசமா சாவப்போறவனுக்கா தண்ணி குடுத்தோம்?" என்றார்.

சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டார்கள். விளையாட்டு மெஷினை அணைத்துப் பெட்டியில் வைத்துவிடலாம், பாலத்தில் ஏறாதவனுக்குச் சாவு கிடையாது என்றார் மிக்கேல். அதுதான் சரி என்று எல்லாரும் கை தூக்கினார்கள். மெஷின் ஒன்பது நாள் பெட்டிக்குள் இருந்தது. பத்தாம் நாள் மனசு கேட்காமல் மாரிக்கனி எடுத்து ஓட்டிப் பார்த்தாள். டோமா பாலத்தின் முனையில் நின்றுகொண்டிருந்தான். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்ததில் சேறு குழி விழுந்திருந்தது. கன்னத்தில் ஒன்பது நாள் தாடி. பின்பக்கம் தள்ளினால் இரண்டு அடி வந்து நின்றுகொண்டு, அக்கரைப் புகையையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போறவன புடிச்சு வைக்க நாம யாரு?" என்றாள் மாரிக்கனி. அவள் அந்தக் கடையை நடத்திய இத்தனை வருஷத்தில் ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை. அவள் ஒரு முடிவு சொன்னதையும் ஊர் அன்றுதான் கேட்டது. "போகட்டும். ஆனா வடிவு மயினிதான் கொண்டுபோகணும். வேற யார் கையிலயும் நான் குடுக்க மாட்டேன்."

அந்த வாரம் வடிவு தைத்த ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகப் போய்விட்டது. இன்னொரு முதுகு தன் கண் முன்னால் போகப் போகிறது, இதையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு, ஓடிப்போனால் வேறு யாராவது கொண்டுபோவார்கள், அவர்கள் குறி தவறிப் பாதியிலேயே அவனைச் சாகக் கொடுத்தாலும் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சங்கத்துப் பெரிய டிவியைத் தூக்கிவந்து பஸ் நிலையத்து மேடையில் வைத்தார்கள். ஏழு பஸ்களும் என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்து டோமாவின் பயணம் கெட்டுவிடக் கூடாது என்பதில் மிக்கேல் கண்டிப்பாக இருந்தார்: ஆண்கள் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டார்கள், கைக்குழந்தைகளுக்கெல்லாம் பால் கொடுத்தாயிற்று, தும்மல் வருகிறவர்கள் தபால் ஆபீசுக்கு அப்பால் போய்த் தும்மிவிட்டு வரவேண்டும். டிரைவர்கள், கண்டக்டர்கள், பூக்காரிகள், ஏட்டு, வெளியூர் போக வந்து போகாமல் நின்றுவிட்ட பயணிகள், எல்லாருமாக ஆயிரம் பேர் இருக்கும். வடிவு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கனி அவளுக்கு வலப்பக்கம் நின்றாள்.

பாலத்தில் பத்தொன்பது சிப்பாய்கள் இருந்தார்கள். வடிவு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள். அவசரப்படவில்லை. மணல் மூட்டைக்குப் பின்னால் டோமாவை உட்காரவைத்து, அவன் மூச்சு அடங்கும்வரை பொறுத்து, ஒருவன் தலையைத் தூக்கும்போது ஒன்று, துப்பாக்கியை மாற்றும்போது ஒன்று, தையல் போடுவதுபோல ஒரு தோட்டா வீணாகாமல் சுட்டுக்கொண்டே முதல் தூணைத் தாண்டினாள். இரண்டாவது தூணுக்குள் பதினெட்டுப் பேர் விழுந்திருந்தார்கள். பத்தொன்பதாவது ஆள் டோமாவின் பின்னால் வந்து கத்தியை ஓங்கியபோது, வாய் கட்டிய ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். வடிவின் விரல் அதற்கு முன்பே அசைந்திருந்தது. பாலம் காலியாயிற்று.

அப்போது கன்ட்ரோலர் அவள் கையில் ஒருமுறை அதிர்ந்து செத்தது. அழுத்தினாள், ஒன்றும் இல்லை. சோகமாக ஒரு வயலின் ஆரம்பித்தது. டோமா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டு, ஊரைப் பார்க்கப் போகிறவனின் நடையில், தானாகவே நடக்க ஆரம்பித்தான். மூன்றாவது தூணின் அடியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஆவரங்குளம் முழுக்க அதைப் பார்த்தது. நடக்கிறவன் மட்டும் பார்க்கவில்லை.

வடிவு அன்றைக்குப் போலவே வாயைத் திறந்தாள். புதுச்சட்டையின் முதுகும் பழைய கோட்டின் முதுகும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கூப்பிடக் கூடாது என்று ஒரு புத்தி சொன்னது. கூப்பிட்டால் காரியம் கெட்டுப்போகும். உடனே அவளுக்குள் பன்னிரண்டு வருஷமாகக் கிடந்த ஒன்று விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தது: கெடட்டும், சாவுதானே அவன் போகிற காரியம், அது கெட்டால் என்ன, கெட்டுச் சீரழியட்டும்! வடிவு ஸ்டூலை உதைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏலே தளவாய்! ஸ்டாண்டு எடுக்கல பாருலே! எடுக்காமப் போறியே, நில்லுலே!"

பஸ் நிலையத்துக் கூரையிலிருந்த புறாவெல்லாம் பறந்தது. அவ்வளவு சத்தம் அந்த ஒல்லி உடம்புக்குள் இருந்ததை யாரும் அறிந்ததில்லை.

மூன்றாவது தூணுக்கு ஒரு கை தூரத்தில் டோமா நின்றான். திரும்பினான். முகத்தில் அந்தக் கடுகடுப்பு. வயலின் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்க, அவன் அதைக் கவனிக்காமல், விறுவிறுவென்று வந்த வழியே நடந்து, இரண்டாவது தூணைத் தாண்டி, முதல் தூணைத் தாண்டி, இக்கரையில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்து, உதட்டை நனைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் பாலம் வெடித்து, ஆளில்லாமல், துண்டு துண்டாக ஆற்றில் விழுந்தது.

பூல்பாண்டிதான் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இந்த முறை டோமா இரண்டு மிடறோடு நிறுத்தவில்லை. செம்பு காலியாயிற்று, இன்னொரு செம்பு வைத்தார்கள், அதுவும் காலியாயிற்று. அழுவதற்கு ஆள் கிடைக்காத வயலின் இரண்டு தடவை தடுமாறி நின்றுபோனது. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் கீழேயிருந்து பாதித் திரை வரைக்கும் ஏறி வந்து, கல்லில் உயிரோடு ஒருவன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, வந்த வழியே இறங்கிப் போயிற்று. ஆயிரம் பேரும் வாய்க்கட்டை அவிழ்த்தார்கள். ஏழு பஸ்ஸும் ஒன்றாக ஹாரன் அடித்தன. மிக்கேல் தன் கண்டிப்பையெல்லாம் மறந்து ஏட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். பூக்காரிகள் கூடையோடு பிச்சியைத் தூக்கித் திரை மேல் கொட்டினார்கள். பூல்பாண்டி, "எல்லாரும் வாங்கடே, இன்னைக்கு டீ என்னோடது!" என்று கூவிக்கொண்டே, அடுப்பு பற்றவைக்காதது ஞாபகம் வந்து தலைதெறிக்க ஓடினார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் வடிவு கனியின் பக்கம் திரும்பினாள். எல்லாருக்கும் முன்னால் கத்தியாகிவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"கனி, நான் பாத்தேன்டி," என்றாள். "அன்னைக்கு ஜன்னல் வழியா பாத்தேன். ஸ்டாண்டு தொங்குச்சு. கூப்புட்டிருந்தா நின்னிருப்பான். நான்தான் கூப்புடல."

மாரிக்கனி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேறு என்னவோ இருந்தது, வடிவுக்கு அது பிடிபடவில்லை.

"நானும் பாத்தேன் மயினி," என்றாள் கனி.

"என்னது?"

"வாசல்லதான நின்னேன். எனக்குத் தெரியாமலா? வாயத் தெறந்துட்டேன். ஜன்னல்ல நீங்க இருந்தீங்க. மொத நாள் வேலைக்குப் போறவர பின்னால கூப்பிட்டுட்டாளே மூதேவின்னு நெனச்சுருவீங்களோன்னு..." அவளுக்குக் குரல் உடைந்தது. "நீங்க பாக்கலன்னுதான் இத்தன வருசமா நெனச்சேன். தெரிஞ்சா என்ன வீட்டுல வச்சிருப்பீங்களா? ஒவ்வொரு நாளும் சோத்துல கை வைக்கிறப்ப நெனப்பேன்."

வடிவு மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். கனியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே அடுப்பில் பன்னிரண்டு வருஷம், இரண்டு பேரும் ஒரே கல்லை இரண்டு பக்கம் மறைத்து வைத்துக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வடிவு கனியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விடப் போனவள் மாதிரி கையைக் கொண்டுபோய், அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். ஆயிரம் பேருக்கு முன்னால், ஹாரன் சத்தத்தில், இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள். அழுகை பாதியில் எப்படியோ திசை மாறிச் சிரிப்பாகி, சிரித்துச் சிரித்து வயிறு வலித்து, மறுபடியும் அழுதார்கள். வடிவுக்கு நெஞ்சில் நின்றிருந்தது எல்லாம் இறங்கிவிட்டது. நல்ல பசி எடுத்தது.

"அக்கா," என்று ரியாஸ் வந்து குனிந்தார். "இதுக்கப்புறம் கதையே கெடயாது. யாரும் எழுதல. அவன் எந்திரிச்சுட்டான்."

டோமா எழுந்திருந்தான். துப்பாக்கியைக் கழற்றிக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, மருந்துப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, ஆற்றின் ஓரத்தில் நின்று தண்ணீரின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டூலுக்கு அடியில் கிடந்த கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தது. வடிவு அதை எடுத்தாள், தன் சேலையில் துடைத்தாள், கனியின் மடியில் வைத்தாள்.

"ஐயோ மயினி, எனக்குத் தெரியாது. நான் தொட்டதே இல்ல."

"மொதல்ல எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? இங்கன வெரல வையி. முன்னால தள்ளு."

கனி தள்ளினாள். டோமா தண்ணீரில் இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு, பெட்டி நனையவில்லை. ஊர் மூச்சைப் பிடித்தது, பிறகு ஆற்றின் நடுவைத் தாண்டி ஆழம் குறைந்ததும் மூச்சை விட்டது. ஈரக் கோட்டோடு அவன் அக்கரையில் ஏறினான். அங்கே யாரும் எதையும் வரைந்து வைத்திருக்கவில்லை, வெறும் வெள்ளை வெளியாகக் கிடந்தது. கனியின் விரல் நின்றது.

"ஒண்ணுமே தெரியலியே, மயினி. என்ன செய்ய?"

"நீ நட கனி," என்றாள் சண்முகவடிவு. "நான் பக்கத்துலதான இருக்கேன். எதாச்சும் தெரிஞ்சா வாயத் தெறந்து சொல்லுதேன்."